மலைச் சூறாவளி இரண்டாம் பாகமும் எங்கள் ஊர் இரண்டு ஒர்க்‌ஷாப்புகளும்

1

போன ஐப்பசியில் ஒரு நாள், ஜப்பானில் எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் உட்கார்ந்து குளிர்ந்த சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து குருசாமி போன் செய்தான். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏலே முருகேசா, ரெண்டாம் பாகம் வருதாம்லா? நெசமா?"

"ஆமாலே. மார்கழிக்குள்ள வந்துரும்."

"யாரு ஜெயிச்சான்னு அதுல சொல்லிருவான்லா?"

"சொல்லித்தானே ஆகணும்."

"சரி. நான் கேட்டேன்னு அந்தப் பயகிட்ட மூச்சு விடாத."

வைத்துவிட்டான். உருண்டையின் மறுபாதியை முடிப்பதற்குள் அடுத்த போன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரெங்கராஜன். அதே கேள்வி, அதே வரிசை. கடைசியில், "நான் கேட்டேன்னு அந்தப் பயகிட்ட சொல்லிராத" என்பதும் அப்படியே.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு சிறுவர் சேனலில் 'மலைச் சூறாவளி' என்றொரு ஜப்பானிய கார்ட்டூன் தமிழில் பேசிக்கொண்டு வந்தது. கார் பந்தயக் கதை. நாயகன் பெயர் தைக்கி. டிரைவிங் ஸ்கூலில் கழித்துக் கட்டிய ஓட்டை வெள்ளைக் காரை வைத்திருப்பான். கூரையில் எல் போர்டுகூட கழற்றியிருக்க மாட்டான். எதிரியின் பெயர் முனெயோஷி, கறுப்புக் கார். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் முதல் வாரத்திலேயே அவனை முனியாண்டி ஆக்கிவிட்டோம். இருவரும் மலைப்பாதையில் முந்துவார்கள், பிந்துவார்கள். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டில் நாங்கள் மூவரும் டிவிஎஸ் ஃபிப்டியில் எல் போர்டு கட்டிக்கொண்டு அதே கதையை நடத்தினோம். மாட்டு வண்டிகூட எங்களை முந்தியது என்பது வேறு விஷயம்.

கடைசிப் பகுதியில் இரண்டு கார்களும் ஒரு சுரங்கப்பாதைக்குள் சேர்ந்தாற்போல நுழையும். திரை இருண்டுவிடும். ஒரு பிரேக் சத்தம். பிறகு தைக்கியின் குரல் மட்டும், "முடிஞ்சது!" என்று சொல்லும். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

குருசாமி சொன்னான்: முடிஞ்சது என்றால் ஜெயிச்சாச்சு என்று அர்த்தம். ரெங்கன் சொன்னான்: முடிஞ்சது என்றால் நம்ம கதை முடிஞ்சது, தோத்தாச்சு என்று அர்த்தம். இந்த வாக்குவாதம் பள்ளிக்கூடம் தாண்டி, ஐடிஐ தாண்டி, இருவரும் சேர்ந்து ராஜபாளையத்தில் 'சூறாவளி ஒர்க்ஸ்' என்று டூவீலர் ஒர்க்‌ஷாப் திறந்த பிறகும் ஓடியது. வண்டி எதுவும் வராத ஒரு மழை நாளில் அது மறுபடி கிளம்பியிருக்கிறது. ஒரு ஸ்பேனர் பறந்திருக்கிறது. ரெங்கன் தலையில் தையல் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் 'ஒரிஜினல் சூறாவளி ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டினான். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோரும் அதைப் பங்குத் தகராறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பெண்டாட்டி சிரிப்பாள் என்று இருவருமே அதை மறுக்கவில்லை.

2

நான் இருப்பது நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை ஊர். கார் சீட்பெல்ட் சரியாக இழுக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. காலையில் இழுக்க ஆரம்பித்தால் மாலை வரை இழுப்பேன்.

இங்கே என்னை யாருக்கும் முருகேசன் என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கிற இடத்தை இவர்கள் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் இதைத் திருத்தப் போனேன். அந்த அம்மாள் எழுந்து நின்று வணங்கி, வேறொரு ஜன்னலுக்கு அனுப்பினார். அங்கிருந்தவர் வணங்கி இன்னொரு மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் எல்லோரையும்விடக் குனிந்து வணங்கி, முதல் ஜன்னலுக்கே அனுப்பினார். நம்மூர் தாலுகா ஆபீசிலும் இதே சுற்றுதான், வணக்கம் மட்டும் இருக்காது. ஆகவே நான் சுப்பையா-சான், அதாவது திருவாளர் சுப்பையா. மதுரையைத் தாண்டிப் போகாத என் அப்பாவை இந்த ஊரே நாள்தோறும் கூப்பிடுகிறது.

என் மகள் மீனாவும் பள்ளிக் கணக்கில் சுப்பையாதான். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியின் டேபிள் டென்னிஸ் அணியில் இருக்கிறாள். ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். இருபது சின்னப் பெண்கள் சேர்ந்து, "சுப்பையா! கன்பாரே! சுப்பையா!" என்று கத்தினார்கள். விடாதே, முயற்சி செய் என்று அர்த்தம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மொழி விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. என் மனைவி செல்வி வந்த புதிதில் அண்டை வீட்டுக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். கணவர் என்பதற்கு ஷுஜின் என்று ஒரு சொல். அதைச் சற்று இழுத்தால் கைதி. செல்வி இழுத்துவிட்டாள். "இவர் என் கைதி. பதினைந்து வருஷத்துக்கு வந்திருக்கிறார்" என்கிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கொஞ்சம் இரக்கத்தோடுதான் தலையாட்டுவார்.

மீனாவுக்கு ஜப்பான் மொழி தண்ணீர்பட்ட பாடு. தமிழ்தான் தகராறு. அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் நாங்கள் அவளிடம் பேசியது. சாப்பிடு, தூங்கு, வாயை மூடு. எனவே அவளும் பெரியவர்களிடம் அப்படியேதான் பேசுவாள்.

கார்ட்டூனைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தால், "அது தாத்தாங்க பாக்கிறதுப்பா" என்பாள். ஒருமுறை பழைய கடையில் மலைச் சூறாவளியின் முதல் டிவிடி கிடைத்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். தைக்கி பேசவே இல்லை. கியர் போடுகிறான், ஜன்னல் வழியே பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான். தமிழில் அவன் ஓயாமல் பேசுவான். "வளைவுக்கு வணக்கம் சொல்லு, வண்டிக்கு வழி தானா கிடைக்கும்!" என்று திருப்பத்துக்குத் திருப்பம் வசனம் விடுவானே, அந்த ஆளா இவன்? டிவிடியை நிறுத்தி உறையில் போட்டுவிட்டேன். சொந்த மாமாவை வேற்றூரில் பார்த்து அவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனது போல இருந்தது.

3

இரண்டாம் பாகத்தின் முதல் பகுதி ஒரு நீண்ட சிறப்புப் படமாக, டிவிடியில், இங்கே மட்டும் வெளியாகும், ஜப்பான் மொழியில் மட்டும், என்று அறிவித்தார்கள். ஆகவே தீர்ப்பு என் கையில்.

போனில் சொல்கிறேன் என்றேன். குருசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஜெயிச்சேன்னு நீ சொன்னா, ஒன்ன நான் வெலைக்கு வாங்கிட்டேன்னு சொல்லுவான். நேர்ல கொண்டாந்து போடு. ஊரு பாக்கட்டும்." ரெங்கன் இன்னும் ஒரு படி மேலே போனான். "நீ முன்னாடியே பாத்துறக் கூடாது. ஆண்டாள் மேல சத்தியம் பண்ணு." இதைக் கேள்விப்பட்டு குருசாமி அய்யனார் மேலும் ஒரு சத்தியம் வாங்கினான். தோற்றவன் கடைப் போர்டிலிருந்து சூறாவளியை எடுத்துவிட வேண்டும் என்று இருவரும் என் மூலமாகவே, ஒருவரோடு ஒருவர் பேசாமலே, ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். கடைக்கு இத்தனை வருஷமாகச் சேர்ந்த பெயர் அது. விளையாட்டு இல்லை.

லீவு கேட்க எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். பொதுவாக இங்கே காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் உண்மை வாயில் வந்துவிட்டது.

"மலைச் சூறாவளி புதுப் பாகத்தை ஊரில் நண்பர்களோடு பார்க்க வேண்டும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், சிரித்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"சுப்பையா-சான், நான் நேற்று பார்த்துவிட்டேன்" என்றார்.

"எப்படி இருக்கிறது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நான் கேட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டார். "நண்பர்களுக்கு ஆறுதல் சொல்ல நேரம் வேண்டியிருக்கும்."

செல்விக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. மீனாவுக்குக் குளிர்கால விடுமுறை. அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டுமே. என் ஜப்பான் மொழி சீட்பெல்ட்டோடு சரி.

4

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. பொதுவான இடம் என்று அதைப் பிடித்திருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போனோம்.

உள்ளே போனவுடன் எனக்கு மயக்கம் வராத குறை. ஐம்பது அறுபது பேர். எல்லோரும் எங்கள் வயதுக்காரர்கள், பாதிப் பேருக்குத் தொப்பை. சிலர் பிள்ளைகளையும் இழுத்து வந்திருந்தார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் இடது பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வலது பக்கம், மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் போல. ரெங்கன் விடியற்காலையில் கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தான், நெற்றியில் நாமம். அவர்கள் குடும்பம் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். "எங்க தேரு மாதிரி, நிதானமா வர்ற முனியாண்டிதாம்லே நெலைக்கு வருவான்" என்று தன் கட்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். குருசாமி எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, "தேருக்குப் பிரேக்கு கெடையாது, கட்டைதான். விவரம் தெரியாம பேசுதானுவ" என்று சுவரிடம் சொன்னான்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு சோபாவில் மீனாவை உட்கார வைத்து மைக்கைக் கொடுத்தார்கள். குருசாமி அவளிடம் குனிந்து, "தாயி, ஒண்ணும் பயப்படாத. அவிய பேசுறத அப்படியே தமிழ்ல சொல்லு" என்றான்.

"சரி. நீ போய் உக்காரு" என்றாள் மீனா.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. குருசாமிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாலே, நம்ம ஊரு ரத்தம்" என்று போய் உட்கார்ந்தான்.

படம் தொடங்கியது. மலை, பனி, ஒரு கார் வருகிறது. மீனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "டயர் அழுகுது" என்றாள்.

ஜப்பான் மொழியில் டயர் கிறீச்சிட்டால் அது அழுகிறது என்பார்களாம். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எப்படிம்மா டயரு அழுகும்? அது என்ன தக்காளியா?"

"அழுகலப்பா, அழுவுது. கண்ணீர் அழுவுது" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

"டயரு எதுக்கு அழுவுது? பஞ்சரா?"

அடுத்து, "இப்ப தலையில குத்துற பின் மாதிரி ரோடு வருது" என்றாள். அறுபது பேரும் ஒரே குரலில், "கொண்டை ஊசி!" என்று திருத்தினார்கள். மீனா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

5

பிறகு பழைய கடைசிக் காட்சி வந்தது. நினைவூட்டலுக்காக அதை மறுபடி காட்டினார்கள். வெள்ளைக் கார், கறுப்புக் கார், சுரங்கப்பாதை.  திரை இருண்டது. பிரேக் சத்தம். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. மீனாவும் ஒன்றும் சொல்லவில்லை.

"தாயி, சொல்லு. முடிஞ்சதுன்னு சொல்லுதாம்லா?" என்றான் குருசாமி.

"இல்லையே. அவன் ஒண்ணும் சொல்லல."

"நல்லா கேட்டுப் பாரு."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டோம். மூன்றாவது முறையும் போட்டோம். ஒரு மூச்சுச் சத்தம் இருந்தது. அது ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத வெறும் மூச்சு. அந்த வசனத்தைச் சென்னையில் ஏதோ ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் இருந்த ஆள், இருட்டுத் திரை வெறுமையாக இருக்கிறதே என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு மண்டை உடைந்ததும் ஒரு கடை இரண்டானதும் அந்த ஒரு சொல்லால்.

குருசாமி ரெங்கனைப் பார்த்தான். ரெங்கன் கூரையைப் பார்த்தான்.

"சரி சரி, மேல போடு. பதிலு அதுல இருக்கும்லா" என்று யாரோ சொன்னார்கள்.

பதில் இருந்தது. இருபது வருடம் கழிந்திருக்கிறது. தைக்கிக்குத் தொப்பை. அவனே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான், நாற்பதைத் தாண்டி ஓட்டுவதில்லை. அவனிடம் கார் பழக வருகிறாள் முனியாண்டியின் மகள். கரன்ட் கார், சத்தமே கிடையாது. "என்னம்மா, சவுண்டு போயிருச்சா?" என்று ஒருவர் ஸ்பீக்கரைத் தட்டினார். அந்தப் பெண் தைக்கியிடம் கேட்கிறாள்: அன்றைக்கு சுரங்கத்துக்குள்ளே யார் ஜெயித்தது?

திரையில் பழைய சுரங்கம் திறந்தது. இரண்டு கார்களும் பறந்து வருகின்றன. நடுவில் ஹெல்மெட் போட்ட ஒரு கிழவர், கையில் சிவப்பு விளக்குத் தடி. பின்னால் தடுப்பு. கார்கள் பிரேக் போட்டு நிற்கின்றன. கிழவர் ஹெல்மெட் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து வணங்குகிறார்.

"அந்தப் பக்கம் ரோடு வேலை நடக்குது. சிரமத்துக்கு மன்னிச்சுக்கோ. திரும்பிப் போ" என்று மொழிபெயர்த்தாள் மீனா.

தைக்கியும் முனியாண்டியும் இறங்குகிறார்கள். மெஷினில் காசு போட்டு ஆளுக்கொரு டின் காபி எடுத்துக் குடிக்கிறார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

 லீவு கேட்டபோது எங்கள் பிரிவுத் தலைவர் ஏன் ஜன்னலைப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரெங்கன் எழுந்தான். இரண்டு கட்சிக்கும் நடுவில் இருந்த வழியைக் கடந்து குருசாமி முன்னால் போய் நின்றான். எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம்.

"ஏலே குருசாமி. ரோடு வேலையாம்லே."

"ஆமாலே."

"இதுக்கா நாம கடையப் பிரிச்சோம்?"

குருசாமி அவன் தலைத் தழும்பைப் பார்த்தான். பிறகு, "அன்னைக்கு ஸ்பேனர் பட்ட எடம் இன்னும் வலிக்கா?" என்றான்.

"மழ பேஞ்சா வலிக்கும்."

"இங்க எங்கலே மழ பெய்யுது. ஒனக்கு ஒண்ணும் இல்ல."

ரெங்கன் அவன் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அடுத்த நொடி இருவரும் சேர்ந்து கதையை எழுதியவனைத் திட்டத் தொடங்கினார்கள். குருசாமி ஒரு வார்த்தையைத் தொடங்கினால் ரெங்கன் முடித்தான். பல வருஷமாகப் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் முகம் தெரியாத அந்த ஜப்பான்காரன் தலையில் இறங்கியது. இடது வலது என்ற பிரிவே போய், மண்டபம் முழுக்கச் சேர்ந்து திட்டியது.

"வாயை மூடு!"

மைக்கில் வந்தது. மீனா சோபாவில் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன் திட்டுற? எனக்குப் பிடிச்சிருக்கு! ரெண்டு பேரும் நிஜமாத்தான் ஓட்டினாங்க. ரோடுதான் இல்ல. அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

குருசாமி யோசித்தான். "அவ சொல்லுதது நியாயமாத்தாம்லே இருக்கு."

"நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போவோம்லா. படத்துக்கு எதுக்கு வாரோம்? நமக்கு ஜெயிக்கணும்லே!" என்றான் ரெங்கன்.

ரசிகனை ஒரு தொடர்ச்சிக் கதை திருப்திப்படுத்துமா என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நானும் சிலவற்றைப் படித்தேன். ரெங்கன் இந்த ஒரு வரியில் சொன்னதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. ஆனால் நல்ல பதிலாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். தைக்கி ஜெயித்திருந்தால் குருசாமி மட்டும் சிரித்திருப்பான். முனியாண்டி ஜெயித்திருந்தால் ரெங்கன் மட்டும். ஒரு போர்டு இறங்கியிருக்கும். கதாசிரியர் எல்லோரையும் சமமாக ஏமாற்றியதால் எங்கள் ஊருக்கு நல்லது செய்துவிட்டார். அவருக்கே இது தெரியாது.

அன்று மதியம் வரை மீனா ஒரு பக்கம், அறுபது பேர் மறுபக்கம் என்று விவாதம் நடந்தது. அவளுக்குத் தமிழ் பற்றாத இடத்தில் கையைக் காலை ஆட்டினாள். கேசரி வந்த பிறகுதான் ஓய்ந்தது. போர்டுகள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. யார் இறக்குவது என்பதில் புதிதாக ஒரு சண்டை. ஆனால் இதை இருவரும் நேருக்கு நேர் பேசித்தான் போடுகிறார்கள்.

6

மதுரை விமான நிலையத்துக்கு எங்களைக் கொண்டுவிட இருவருமே வந்தார்கள். குருசாமி ஓட்டினான். எந்த ரோடு சுருக்கு வழி என்று இருவரும் கிருஷ்ணன்கோவில் தொடங்கித் திருமங்கலம் வரை அடித்துக்கொண்டதில் வண்டி ஐம்பதைத் தாண்டவில்லை. பால் வண்டி ஒன்று எங்களை முந்தியது. பின் சீட்டில் மீனா ரெங்கனிடம் தைக்கியின் பழைய வசனங்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன் சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, கியர் சத்தத்தோடு சொல்லிக் காட்டினான். விட்ட வார்த்தைகளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே குருசாமி சேர்த்தான்.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். இங்கும் பெயர்க் குழப்பம்தான். ஒருவழியாக உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது மீனா திரும்பி, அந்த நாற்பது வயது மனிதர்கள் இருவரையும் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"வாரேம்லே!"

காவலர் திடுக்கிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "மன்னிச்சுக்கோங்கலே, அவளுக்கு மரியாதை தெரியாது" என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டினேன். குருசாமி என்னைப் பார்க்கவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரெங்கன்தான், "போய்ட்டு வாட்டி தாயி, சீக்கிரம் வா!" என்று பதிலுக்குக் கத்தினான்.

விமானம் மேலேறிய பிறகு மீனா என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, முதல் பாகம் எனக்குப் பாக்கணும்."

"ஊருக்குப் போனதும் டிவிடி எடுத்துத் தாரேன். வீட்டிலதான் இருக்கு."

"அது வேணாம். அதுல அவன் பேச மாட்டான். தமிழ்ல வேணும்."

அந்தச் சேனல் மூடி வெகு காலம் ஆகிவிட்டது. நான் தேடிப் பார்க்காத இடமில்லை. "தமிழ்ல எங்கயும் இல்லம்மா. அந்த ரெண்டு மாமாங்க வாயில மட்டும்தான் இருக்கு" என்றேன்.

 அவள் என் போனை எடுத்து, இறங்கியவுடன் போகிற மாதிரி, குருசாமிக்கும் ரெங்கனுக்கும் சேர்த்து ஒரு குரல் செய்தி பதிவு செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். முதல் பாகம் ஒண்ணாம் நாள்ல இருந்து சொல்லு. ரெண்டு பேரும் சண்டை போடாம சொல்லு. இல்ல வேணாம், சண்டை போட்டே சொல்லு."